வலு எங்களுக்கு, மூளை உங்களுக்கா?

"ஒங்க பையனுக்கு நல்ல வலு இருக்கு. வேலை செஞ்சு வளந்த பரம்பரைல்லா, ஒடம்பு அப்படித்தான் இருக்கும். டெக்னிக்தான் பத்தல."

ஒரு குத்துச்சண்டைப் போட்டி முடிந்து, என் அக்கா மகன் வெள்ளிப் பதக்கத்தோடு மேடையிலிருந்து இறங்கியபோது நடுவர் ஒருவர் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. எதிரே ஆடிய பையன் கடைசி ரவுண்டில் வயிற்றில் ஒன்று வாங்கி, நின்ற இடத்திலேயே எட்டு எண்ணப்பட்டவன். தங்கம் அவனுக்கு. தீர்ப்பு சரியா தப்பா என்று வழக்காட நான் இங்கே வரவில்லை. முதல் இரண்டு ரவுண்டில் அந்தப் பையன் நன்றாகவே ஆடினான், அதை மறைக்க வேண்டாம். எனக்கு வழக்கு அந்த வாக்கியத்தோடுதான்.

நடுவர் திட்டவில்லை. சிரித்த முகத்தோடு, பாராட்டாகச் சொன்னார். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். பாராட்டுக்கு என்ன பதில் சொல்வது? "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் பையன் கேட்டான்: "மாமா, அவரு என்னையப் புகழ்ந்தாரா, வஞ்சாரா?" அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் புதுக்கோட்டை. சமஸ்தானத்துப் புதுக்கோட்டை அல்ல. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில் பஸ் நின்று கிளம்புகிற புதுக்கோட்டை. எங்கள் அய்யா உப்பளத்து வேலைக்காரர். பாத்தியில் தண்ணி எப்போது விளையும் என்பதை நிறத்தைப் பார்த்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவார். அளத்துக்காரர் பிறகு மானியை விட்டுப் பார்ப்பார். 25 டிகிரி காட்டும். அய்யா சொன்னது சரியாக இருக்கும். ஆனால் அந்த அளத்தில் அய்யாவுக்குக் கிடைத்த பேர் என்ன தெரியுமா? "இரும்புக் கையன்." அவர் கையைப் பாராட்டினார்கள். அவர் கண்ணையும் நாக்கையும் அவற்றுக்குள் இருந்த கணக்கையும் ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. கைக்குக் கொடுத்த கூலி கணக்கில் ஏறியது. அறிவுக்குக் கூலி கிடையாது. அறிவு இருப்பதாக ஒப்புக்கொண்டால்தானே கூலி கொடுக்க வேண்டும்!

அய்யாவுக்குச் சொன்னதைத்தான் இரண்டு தலைமுறை கழித்து என் மருமகனுக்கும் சொல்கிறார்கள். உப்பளத்துக்குப் பதிலாக ரிங். மண்வெட்டிக்குப் பதிலாகக் கிளவுஸ். வாக்கியம் மட்டும் மாறவில்லை.

சரி, வலு என்றால் என்ன? அதை முதலில் பேசுவோம்.

குத்தின் வலு கையில் இருக்கிறது என்று நினைக்கிறவர் குத்துச்சண்டையைப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. வலது கைக்காரன் ஒருவன் நேர்க்குத்து விடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவனுடைய பின்னங்கால் முன்பாதம் தரையை அழுத்துகிறது. குதிகால் எழும்பித் திரும்புகிறது. அந்தத் திருப்பம் முழங்கால் வழியாக ஏறி இடுப்புக்கு வருகிறது. இடுப்பு சுழல்கிறது, அதன் பின்னால் விலா, அதன் பின்னால் தோள். கடைசியாகத்தான் கை நீள்கிறது. முஷ்டி, பட்டுத் தெறிக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் இறுக வேண்டும். அதுவரைக்கும் கை தளர்ந்தே வர வேண்டும். முன்கூட்டியே இறுக்கியவன் குத்து பாதி வழியிலேயே செத்துப் போகும். இந்த வரிசையில் ஒரு கண்ணி தப்பினாலும் வலு இல்லை. எவ்வளவு பெரிய புஜமாக இருந்தாலும் சரி.

தமிழில் அடி என்றால் அடிப்பது. அடி என்றால் காலடியும்தான். குத்துச்சண்டைக்காரனுக்கு இரண்டும் ஒன்று: அடியிலிருந்துதான் அடி வருகிறது. புருஷ சூக்தத்தில் தலைக்கு ஒரு பிறப்பு, தோளுக்கு ஒரு பிறப்பு, தொடைக்கு ஒன்று, பாதத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்தார்கள். வீரத்தைத் தோளில் வைத்தார்கள். பாதத்தில் ஊழியத்தை வைத்தார்கள். நம்மை அந்தப் பாதத்தில்கூடச் சேர்க்காமல் வெளியே நிறுத்தினார்கள். ரிங்குக்குள் ஏறிப் பார்த்தால் அந்த வரிசையே தலைகீழாக நிற்கிறது. தோள், பாதம் சொன்னதைச் செய்கிற வேலையாள்.

இன்னொன்றும் உண்டு. காலுக்குக் கீழே தரை வேண்டும். உப்பளத்துச் சகதியில் நின்று குத்திப் பாருங்கள். எப்பேர்ப்பட்ட பயில்வானும் வழுக்குவான். நாம் தரையைத் தள்ளுகிறோம், தரை நம்மைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத்தான் முஷ்டி வழியாக அனுப்புகிறோம். நிற்க இடமில்லாதவனுக்குக் குத்தில் வலு கிடையாது. 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இன்று எத்தனை பேர் கைமாறிக் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அவர்கள் கேட்டது நிற்கிற இடம். நிற்கிற இடம் கிடைத்தால் அடுத்து என்ன வரும் என்பது சுட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் நேரம். எதிராளி முன்னே வருகிற கணத்தில் பட்ட குத்தில் அவனுடைய வேகமும் சேர்ந்துகொள்கிறது. எதிரும் புதிருமாக வந்த இரண்டு லாரி மோதுகிற மாதிரி. தாடை ஓரத்தில் பட்டால் தலை சட்டென்று திரும்பும், மண்டைக்குள் மூளை குலுங்கும், கால் துணியாகிவிடும். கண்ணால் பார்த்த குத்தை உடம்பு எப்படியாவது தாங்கிக்கொள்ளும். பார்க்காத குத்துதான் ஆளைப் படுக்க வைக்கும். எதிராளி எதைப் பார்க்க மாட்டான் என்று கண்டுபிடிப்பது எந்தச் சதையின் வேலை? அது மூளையின் வேலை அல்லவா?

வேல்ஸ் நாட்டில் ஜிம்மி வைல்ட் என்று ஒருவன் இருந்தான். சிறுவயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தவழ்ந்து போய் வேலை செய்தவன். ஐம்பது கிலோவைத் தொடாத உடம்பு. சட்டையைக் கழற்றினால் பார்க்கிறவர்கள் பரிதாபப்படுவார்கள். 1916 முதல் 1923 வரை உலகச் சாம்பியன். ஏறக்குறைய நூறு பேரை நாக்அவுட் செய்தான். அதில் தன்னைவிடக் கனமானவர்கள் நிறைய. வலு என்பது வெறும் சதை என்றால் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும்?

இருந்தும் குத்துச்சண்டை உலகில் ஒரு பழமொழி உண்டு: பலமாகக் குத்துகிறவன் பிறக்கிறான், அவனை உருவாக்க முடியாது. பிறப்பிலேயே வருவது என்று எவன் எதைச் சொன்னாலும் நம் காது நிமிர வேண்டும். நாம் அந்தச் சொல்லால் ரெண்டாயிரம் வருஷம் அடிபட்டவர்கள். உடல்வாகு என்று கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. சிலருடைய தசை நார்கள் சீக்கிரம் சுருங்கும். சிலர் கை நீளம். பாடுகிறவனுக்குக் குரல்வளை மாதிரி அது. ஆனால் பாடகனைப் பார்த்து "குரல் இருக்கு, சங்கீத ஞானம் பரம்பரையிலேயே கிடையாது" என்று எவனாவது சொன்னால் சும்மா விடுவார்களா? அவர்கள் வீட்டுப் பிள்ளை பாடினால் சாதகம், நம் வீட்டுப் பிள்ளை குத்தினால் உடம்பு வாகு. இதுதான் சங்கதி.

இந்தத் தந்திரம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை அடித்து, கனஎடைப் பிரிவில் முதல் கறுப்பினச் சாம்பியன் ஆனவர் ஜாக் ஜான்சன். அவர் கண்மூடித்தனமாக வீசுகிறவர் அல்ல. காத்திருந்து, விலகி, தட்டிவிட்டு, எதிராளி தவறும்போது குத்துகிறவர். தற்காப்பில் அவர் ஒரு வாத்தியார். அவருக்கு முன்னால் ஜிம் கார்பெட் என்ற வெள்ளைக்காரர் இதே மாதிரிதான் ஆடினார். கார்பெட் ஆடியபோது பத்திரிகைகள் அவரை அறிவாளி என்றன. ஜான்சன் ஆடியபோது கோழை, சூழ்ச்சிக்காரன் என்றன. கவனியுங்கள்: கறுப்பன் வலுவாகக் குத்தினால் மிருகம், மூளையோடு ஆடினால் தந்திரக்காரன். எப்படி ஆடினாலும் அவனுக்கு அறிவு என்ற பேர் மட்டும் கிடைக்காது. 1910 ஜூலை 4 அன்று, ஓய்வு பெற்றிருந்த ஜெஃப்ரிஸை வெள்ளை இனத்தின் மானத்தைக் காப்பாற்ற ரீனோவுக்குக் கூட்டிவந்தார்கள். பதினைந்தாவது ரவுண்டில் ஜான்சன் அவரை முடித்தார். அன்று இரவே அமெரிக்க நகரங்களில் கறுப்பர்கள் மீது வெள்ளையர்கள் பாய்ந்தார்கள், உயிர்கள் போயின. 1912இல் குத்துச்சண்டைப் படச் சுருள்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகத் தடைச்சட்டமே வந்தது. ரிங்கில் ஒரு வெள்ளைக்காரன் விழுந்ததை இன்னொரு ஊர்க்காரன் பார்க்கக்கூடாது!

நம் பக்கத்துக்கு வருவோம். வெள்ளைக்காரனிடம் பார்த்துக் கற்ற குத்துச்சண்டையை வடசென்னை தன் சொந்தச் சொத்தாக்கிக் கொண்டது. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு. ஆடியவர்கள் யார்? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், மில் தொழிலாளிகள், மீன்பிடிக்கிறவர்கள், சேரி இளைஞர்கள். "ரோசமான குத்துச்சண்டை" என்று சுவரொட்டி ஒட்டி, டிக்கெட் போட்டு, தலைக்கவசம் இல்லாமல் ஆடிய சண்டை. அதற்குப் பரம்பரைகள் இருந்தன: சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார். ஒவ்வொன்றுக்கும் வாத்தியார், ஒவ்வொன்றுக்கும் ஆடும் முறை. டெர்ரி என்ற ஆங்கிலோ இந்தியக் குத்துச்சண்டை வீரரைக் கித்தேரி முத்து வீழ்த்தினார் என்றும், பெரியார் அவருக்குத் 'திராவிட வீரன்' என்று பட்டம் கொடுத்தார் என்றும் வடசென்னைப் பெரியவர்கள் சொல்வார்கள். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது நேரு ஸ்டேடியத்துக்கு ஓடியவர்களில் இந்தச் சனம்தான் அதிகம் இருந்திருக்கும்.

பரம்பரை என்ற சொல்லைப் பாருங்கள். நடுவரும் அதே சொல்லைத்தான் சொன்னார். அவர் வாயில் பரம்பரை என்றால் ரத்தம், பிறப்பு. வடசென்னையின் வாயில் பரம்பரை என்றால் பாடசாலை. எந்த வீட்டில் பிறந்தவனும் வாத்தியாரிடம் சேர்ந்து கற்கலாம். கற்றால் அவன் அந்தப் பரம்பரை. 2021இல் வந்த பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படத்தில் சனங்கள் யாரைக் கொண்டாடினார்கள்? கதாநாயகனைக் கொண்டாடினார்கள், சரி. அதற்குச் சமமாக டான்சிங் ரோஸைக் கொண்டாடினார்கள். அவனுடைய காலைக் கொண்டாடினார்கள். சனத்துக்குத் தெரியும், அறிவு எங்கே இருக்கிறது என்று. தெரியாதவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான்.

இந்த இடத்தில் நம் ஆட்களிலேயே சிலர் என்னை நிறுத்திக் கேட்பார்கள். "அப்படின்னா வலு முக்கியமில்லைன்னு சொல்லுதியா? நம்ம பிள்ளைகளும் பாயிண்ட் எடுக்கிற ஆட்டத்தையே ஆடட்டுமே? கையை நீட்டித் தொட்டுட்டு ஓடட்டுமே? படிச்சு மார்க் எடுக்கிற மாதிரி."

இல்லை தோழர்களே. வலு முக்கியம். நமக்குத்தான் எல்லாரையும்விட முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

குத்துச்சண்டையில் வெற்றிக்கு இரண்டு வழி. ஒன்று பாயிண்ட்: ரிங்குக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவர்கள் தாளில் எழுதுவது. இன்னொன்று நாக்அவுட்: பத்து எண்ணி முடிப்பது. முதலாவதில் பேனா அவர்கள் கையில். இரண்டாவதில் பேனாவுக்கு வேலையே இல்லை. எந்தத் தீர்ப்பு மேசையில் நம் ஆள் இல்லையோ அந்த மேசையின் முன் ஆடுகிறவனுக்கு நாக்அவுட்தான் ஒரே மேல்முறையீடு. இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் அமெரிக்கக் கறுப்பர்கள். ஜோ லூயிஸுக்கு அவருடைய பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்ன் கொடுத்த முதல் பாடமே அதுதான்: வெள்ளைக்காரன் தாளில் கறுப்பனுக்குப் புள்ளி விழாது, உன் முஷ்டியே உனக்கு நடுவர். ஜெர்மனியின் ஷ்மெலிங்கிடம் 1936இல் தோற்ற லூயிஸ், 1938 ஜூன் 22 அன்று அதே ஆளை 124 நொடியில் முடித்தார். யாரும் எதையும் எழுத நேரமில்லை.

தாள் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமா? 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்து போட்டார். கொரியாவின் பார்க் சி-ஹுன் போட்டது 32. தீர்ப்பு 3-2, கொரியருக்கு! உலகமே காறித் துப்பியது. அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரர் விருதை ஜோன்ஸுக்குக் கொடுத்துச் சமாளித்தார்கள். தீர்ப்பு மட்டும் மாறவில்லை. 1994இல் ஜார்ஜ் ஃபோர்மன், 45 வயதில், மைக்கேல் மூரரிடம் மூன்று நடுவர் தாளிலும் பின்தங்கி இருந்தார். பத்தாவது ரவுண்டில் ஒரு சின்ன வலதுகைக் குத்து. மூன்று தாளும் குப்பைக்கூடைக்குப் போயின. கால் மெதுவாகிப் போகும், மூச்சு குறையும், கண் மங்கும். கற்ற குத்தின் வலு கடைசிவரைக்கும் கூட இருக்கும்.

பாயிண்ட்டில் தோற்பது நமக்குப் புதிதா? நேர்முகத் தேர்வில் எழுத்துத் தேர்வின் முதல் ஆள் எப்படிக் கடைசி ஆளாகிறான்? செய்முறைத் தேர்வில் சேரிப் பிள்ளைக்கு மட்டும் ஏன் மார்க் குறைகிறது? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வரைக்கும் போய் நிலச்சுவான்தார் வெளியே வந்தார். பாயிண்ட் போடுகிறவர்கள் போட்ட பாயிண்ட் அது. எங்கள் மாவட்டத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடு வீடாக அடித்து நொறுக்கியது. உழைத்துச் சேர்த்த பண்டபாத்திரமும் பத்திரமும் சான்றிதழும் போயின. அன்று அடித்த அடிக்குப் பேர் 'சட்டம் ஒழுங்கு'. நம் பையன் ஒருத்தன் கையை ஓங்கினால் அதற்குப் பேர் 'வன்முறை'. ஒரே குத்துக்கு இரண்டு பேர், ஆளைப் பொறுத்து.

ஆகவே வலு வேண்டாம் என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். நம்மைப் பார்த்து வலு மட்டும்தான் இருக்கிறது என்று சொல்கிறவனையும் நம்பாதீர்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டின் முன்வாசலும் பின்வாசலும்.

இனி, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய கசப்பு.

தொழில்முறைக் குத்துச்சண்டை என்பது ஒரு சந்தை. அங்கே விலைபோகும் சரக்கு நாக்அவுட். டிக்கெட் வாங்குகிறவன் இன்னொருவன் விழுவதைப் பார்க்கத்தான் வாங்குகிறான். விழுகிறவனும் ஏழை, விழவைக்கிறவனும் ஏழை. 1928லேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் தலையில் அடி வாங்கி வாங்கி மூளை கலங்கிய குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி எழுதிவிட்டார். 1962இல் பென்னி பாரெட், எமில் கிரிஃபித்திடம் வாங்கிய அடியில் நினைவு திரும்பாமலே இறந்தார். 1982இல் கொரியாவின் கிம் டுக்-கூ, ரே மன்சினியிடம் பதினாலாவது ரவுண்டில் விழுந்தார், பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் பதினைந்து ரவுண்டைப் பன்னிரண்டாகக் குறைத்தார்கள். 1974இல் கின்ஷாசாவில் ஃபோர்மனைக் கயிற்றில் சாய்ந்தபடியே அடிக்கவிட்டுக் களைக்கவைத்து எட்டாவது ரவுண்டில் படுக்கவைத்த முகமது அலியை எல்லாரும் கொண்டாடுகிறோம். 40 சண்டையில் 37 பேரை நாக்அவுட் செய்த வலுவை மூளை ஜெயித்த நாள் அது. அந்த மூளைக்கு வந்தது பார்க்கின்சன் நோய். 1984இல் கண்டுபிடித்தார்கள். 2016இல் சாகும்வரை அது அவரை விடவில்லை. நோய்க்குக் காரணம் எது என்று மருத்துவர்கள் வாதாடட்டும். அத்தனை வருஷம் தலையில் வாங்கிய அடி நல்லதைச் செய்தது என்று எவரும் சொல்லப் போவதில்லை.

சன்னி லிஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். குத்தகை நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். எழுதப் படிக்கத் தெரியாது. குத்துச்சண்டையைக் கற்றது சிறைச்சாலையில். வெளியே வந்ததும் அவர் முஷ்டியை யார் வாங்கினார்கள்? ரவுடிக் கும்பல் முதலாளிகள். ரிங்குக்கு வெளியே அவர்களுக்காக ஆட்களை மிரட்டினார். ரிங்குக்குள் அவர்களுக்காகச் சம்பாதித்தார். 1962இல் உலகச் சாம்பியன் ஆனபோதும் கயிறு அவர்கள் கையில்தான் இருந்தது. நம் மொழியில் இதற்குச் சொல் இருக்கிறது: அடியாள். அடி, அடியாள், அடிமை. மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். வலு நமதாகவும் அதை ஏவுகிற மூளை வேறொருவனதாகவும் இருந்தால் நாம் வந்து நிற்கிற இடம் அதுதான்.

வடசென்னையிலும் அது நடந்தது. ரிங்கில் பேர் வாங்கிய கைகளைக் கட்சிக்காரனும் கந்துவட்டிக்காரனும் கூலிக்கு எடுத்தார்கள். 'பாக்ஸர்' என்ற சொல் போலீஸ் ஸ்டேஷனில் ரவுடிப் பட்டியலின் அடைமொழி ஆனது. 1999 நவம்பரில் சென்னை மத்திய சிறையில் 'பாக்ஸர்' வடிவேலு என்ற கைதி இறந்தார். சிறையில் கலவரம் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் செத்தார்கள். கலவரத்தில் சிறை அதிகாரி ஒருவரும் செத்தார். அடைமொழியில் மட்டும் ஒரு விளையாட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

பெண் ரிங்குக்குள் ஏறினால் இன்னும் கொடுமை. 2013இல் வந்த ஓர் ஆவணப்படம் சென்னையைச் சேர்ந்த துளசி என்ற தலித் குத்துச்சண்டை வீராங்கனையைப் பின்தொடர்ந்தது. ஒரு அரசாங்க வேலைக்காகக் குத்தியவர் அவர். பயிற்சி உலகத்துக்குள்ளேயே நடந்த பாலியல் தொல்லையை எதிர்த்து வெளிப்படையாகப் புகார் கொடுத்தார். எதிராளியின் குத்தைத் தடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தேர்வுப் பட்டியலைக் கையில் வைத்திருக்கிறவனின் கையைத் தடுக்க யார் சொல்லிக்கொடுப்பது? நம் இயக்கத்து ஆண்கள் 'வீரம்' பற்றிப் பேசும்போது இந்தப் பெண்ணின் வலுவைக் கணக்கில் எடுக்கிறோமா? எடுப்பதில்லை. வெட்கப்பட வேண்டும்.

எங்கள் கடற்கரையில் முத்துக் குளித்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். குளிக்கிறவன் கல்லைக் காலில் பற்றிக்கொண்டு மூச்சடக்கி இறங்குவான். மேலே தோணியில் ஒருத்தன் கயிறு பிடிப்பான். கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். கயிறு பிடிக்கிறவன் நம் ஆளாக இல்லையென்றால் குளிக்கிறவன் பிணம். குத்துச்சண்டையில் மூலையில் துண்டோடு நிற்கிறவன் அந்தக் கயிறு பிடிக்கிறவன். எப்போது துண்டைத் தூக்கி எறிந்து சண்டையை நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். தன் பையின் மேல் கண் வைக்காமல் பையன் மேல் கண் வைக்க வேண்டும். வளைகுடாவின் எதிர்க்கரையில், வெள்ளைக்காரன் காலத்து இலங்கை முத்துக்குளிப்பில், அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, மிச்சம்தான் குளித்தவனுக்கு. மூச்சு யாருடையது, முத்து யாருடையது? ரிங்கிலும் இதே கேள்விதான்.

1990களில் சேரி சேரியாக எழுந்த முழக்கம் 'திருப்பி அடி.' அந்தச் சொல் வந்த பிறகுதான் நம்மில் பலர் நிமிர்ந்தோம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 'அடி' என்று கத்துகிறோமே, எப்படி அடிப்பது என்று எத்தனை ஊரில் கற்றுக்கொடுத்தோம்? கோபத்தில் வீசுகிற கை அகலமாகப் போகும். தாடை திறந்து கிடக்கும். எதிரி காத்திருப்பதே அந்தத் திறந்த தாடைக்குத்தான். ஒரு கையால் குத்தும்போது இன்னொரு கை தாடைக்குக் காவலாக நிற்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். நம் போராட்டங்களில் வழக்கு நடத்தும் கை எங்கே? சிறை போனவன் வீட்டுக்கு அரிசி போடும் கை எங்கே?

ஆகவே நான் கேட்பது இதுதான். பிள்ளைகள் குத்துச்சண்டை கற்கட்டும். வலுவாகக் குத்தக் கற்கட்டும். அதே சமயம் நம்மிலிருந்து பயிற்சியாளர்கள் வர வேண்டும், நடுவர் தேர்வு எழுதி மேசைக்குப் பின்னாலும் நம் ஆட்கள் உட்கார வேண்டும். ஆண் பெண் யார் ஆடினாலும் ரிங் ஓரத்தில் மருத்துவர் இல்லாமல் மணி அடிக்கக் கூடாது. தலையில் அடிபட்ட பையனை மறுநாளே ஆடவைக்கிற வாத்தியார் எந்தச் சாதியாக இருந்தாலும், நம் சாதியாகவே இருந்தாலும், அவனிடம் பிள்ளையை விடக்கூடாது. பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் வேண்டும். புகார் கொடுத்தால் விசாரிக்க வெளியாள் வேண்டும். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் அந்த முஷ்டியை வாங்க வருகிறவன் கதவைத் தட்டுவதற்கு முன்னால் நாம் தட்டியிருக்க வேண்டும்.

பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு மருமகனுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எய்யா, அவர் உன்னைப் புகழவும் இல்லை, வையவும் இல்லை. உன் உழைப்பை உன்னிடமிருந்து பிடுங்கி, உன் பிறப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனார். விடியக்காலை நாலரை மணிக்கு எழும்பி, வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, குதிகாலைத் திருப்பித் திருப்பி நீ ஒரு வருஷம் பழகியதை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இனி எவராவது வந்து "ஒங்க பையனுக்கு நல்ல வலு இருக்கு" என்று சொன்னால் நான் தலையாட்டப் போவதில்லை. நீங்களும் ஆட்டாதீர்கள். "பொறந்து வந்தது இல்ல சார், படிச்சு வந்தது" என்று அந்த இடத்திலேயே, எல்லாரும் கேட்கும்படி திருத்திச் சொல்லுங்கள்.